ஜீரோ பாத்துக்கோங்க

காட்பாடி மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில்
என் சான்ட்ரோ இருமியது.
ஏசியை அணைத்து, இரண்டாவது கியருக்கு இறங்கி,
மிதிக்க மிதிக்கச் சத்தம் ஏறியது. வண்டி ஏறவில்லை.
பின்னால் குடியாத்தம் பஸ்
என் வம்சத்தையே ஹாரனில் விசாரித்தது.
கீழே ஒரு ரயில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

பெட்ரோல்தான். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.
நேற்று சத்துவாச்சாரி பங்க்கில்
ஐந்நூறுக்குப் போட்டது. கலப்படம். வேறென்ன?

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள்.
ஒரு நாளைக்கு இருநூறு குழாய்.
வங்காளத்திலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்தவர்கள்
முழங்கையை நீட்டிவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.
சந்தேகம் வந்தால் சோதிக்க வேண்டும், கத்தக் கூடாது
என்று தெரிந்தவள்.
முதலில் கத்தினேன்.

பங்க்கில் சகாயமேரி.
நீல மேற்சட்டை, காதோரம் வியர்வையில் ஒட்டிய முடி.
"இன்னாத்த கலந்து ஊத்துறீங்க?" என்றேன்
வரிசையில் நின்ற ஏழு பைக்கும் கேட்க.
அவள் குழாயைக் கொக்கியில் மாட்டினாள்.
"செக் பண்ணிக்கோங்க மேடம்."

லேபிலிருந்து கொண்டுபோயிருந்தேன் வடிதாள்.
குழாய் நுனியைத் துடைத்து
ஒரே ஒரு சொட்டு.
சித்திரை வெயிலில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை,
பறந்துவிட்டது. கறை இல்லை.

விடவில்லை நான்.
அரை லிட்டர் ஜாடி, மிதக்கும் அளவுகோல், வெப்பமானி.
எழுநூற்று இருபத்து நான்கு.
அதைப் பதினைந்து டிகிரிக்கு மாற்றித் தரும் அட்டவணை
(வேலூர் பதினைந்து டிகிரியை
மார்கழி விடியலில் எப்போதாவது
தூரத்திலிருந்து பார்த்திருக்கலாம்).
காலையில் நோட்டில் எழுதிய எண்ணுக்கும் இதற்கும்
வித்தியாசம் ஒன்று. மூன்றுவரை சரி.
சகாயமேரி கையெழுத்துப் போட்டிருந்த பக்கம்.

மன்னிப்பு வாய்வரை வந்து
காற்றடிக்கும் இடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

தோட்டப்பாளையத்தில் அத்தாவுல்லா
நான்கு பிளக்கையும் கழற்றிச்
செய்தித்தாளில் வரிசையாக வைத்தான்.
மூன்று, பால் தூக்கலான டீயின் நிறம்.
ஒன்று மட்டும் கரியும் எண்ணெயுமாய்,
ராசிபலனில் விருச்சிகத்தின் மேல் கசிந்தது.
அமுக்கமானியில்
நூற்று அறுபது, நூற்று ஐம்பத்தைந்து, தொண்ணூறு,
நூற்று அறுபது.
அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு
மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னான்.
முள் நூற்று முப்பதுக்கு எழுந்தது.
"ரிங் தேஞ்சி கீது" என்றான்,
மழை வரும் என்பதுபோல.

பானட்டின் அடியில் ஸ்டிக்கர்: அடுத்த ஆயில் மாற்றம்.
அந்த எண்ணைத் தாண்டிப் பதினாறாயிரம் கிலோமீட்டர்
ஓட்டியிருக்கிறேன்.
விரலில் தொட்டுத் தேய்த்துக் காட்டினான். தார்.

"பெட்ரோல் எங்க போடுவீங்க?"
சொன்னேன்.
"வேற எங்கியாவது?"

அணைக்கட்டு சாலை, ராத்திரி ஒன்றரை மணி.
பின்சீட்டில் நாத்தனாருக்கு வலி கண்டிருந்தது.
பெட்டிக்கடையைத் தட்டி எழுப்பி
பிராந்தி பாட்டிலில் வாங்கியது.
மண்ணெண்ணெய் மணந்தது. மணந்தும் ஊற்றினேன்.
வண்டி டக்கு டக்கென்று இடித்துக்கொண்டே
போய்ச் சேர்ந்துவிட்டது.
பையனுக்கு இப்போது இரண்டு வயது,
டயரைக் கண்டால் உதைக்கிறான்.

"இல்ல" என்றேன்.

அந்தப் பாட்டிலா, தள்ளிப்போட்ட பதினாறாயிரமா,
எந்த முள்ளும் பிரித்துக் காட்டாது.

பன்னிரண்டு நாள். இருபத்தெட்டாயிரம்.
இன்று மேம்பாலத்தில் மூன்றாவது கியரிலேயே
ஏறிவிட்டது.
உச்சியில் ஒரு கணம் கோட்டைப் பக்கம் மேகம் தெரிந்தது,
அல்லது தூசி.

சகாயமேரி என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
தெரியாததாகவும் இல்லை.
ஐந்நூறு என்றேன். இன்னொன்றும் சொல்ல வந்தேன்.

"ஜீரோ பாத்துக்கோங்க மேடம்."
எல்லோருக்கும் சொல்வதுதான்.

பார்த்தேன்.
எண்கள் ஓடத் தொடங்கும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.